சபூரும் ஸபூரும்

உம்மா பக்கவாதத்தில் வீழ்ந்து மருத்துவமனையில் கிடந்த 23 நாட்களும், நம்மைத் தேற்ற வந்த உற்றார் யாவரும் ஒரே சொல்லைத்தான் சொல்லிச் சென்றனர்: சபூர் செய்யுங்கள். அன்பினால் சொன்னதே, குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும், கேட்கக் கேட்க அச்சொல் நம் வாயைக் கட்டிவிட்டது. அழுதால் ஈமானில் குறை; ஏன் இப்படி என்று உள்ளம் கேட்டுவிட்டால் அதனினும் பெரிய குறை என்று அஞ்சினோம். தொழுதபின் கையேந்தி, பழகிய சொற்களை ஓதிவிட்டு எழுந்துவிடுவோம். நெஞ்சில் கிடந்தது நெஞ்சிலேயே கிடந்தது.

அடுத்த கட்டிலில் ஒரு கிறிஸ்தவ மூதாட்டி. நாம் மஃரிபு தொழுது திரும்பும் வேளையில் அவருடைய கணவர் தாழ்ந்த குரலில் சங்கீதப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவார். முதல் நாள் நாகரிகம் கருதிச் செவியைத் திருப்பிக்கொண்டோம். மறுநாள் அது இயலவில்லை. அவர் வாசித்தவை புகழ்மொழிகள் மட்டுமல்ல, முறையீடுகள். இன்னும் எத்தனை காலம் என்று இறைவனிடமே கேட்கும் குரல். தூக்கமின்றி அழுது களைத்த ஒருவரின் குரல். கூச்சத்தை விட்டு ஒரு நாள் அவரிடம் கேட்டோம். மொத்தம் 150 பாடல்கள் என்றார்; 73 பாடல்களின் தலைப்பில் தாவீதின் பெயர் உண்டாம். பின்னர் நாமும் படித்துப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை துயரப் பாடல்களே. அவற்றுள் பல நம்பிக்கையில் முடிகின்றன. 88-ஆம் பாடலோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதல் வரி ஒன்றுகூட அதன் இறுதியில் இல்லை. அதையும் வேத நூலில் வைத்துக் காத்திருக்கிறார்களே என்று வியந்தோம்.

அவர்கள் தாவீது என்பவரை நாம் தாவூத் நபி (அலை) என்கிறோம். அவர்களுக்கு அருளப்பட்ட ஸபூர் வேதத்தைத் திருக்குர்ஆன் மூன்று இடங்களில் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இன்று கையிலிருக்கும் நூலைப் பற்றி நம் மார்க்கத்தின் நிலை வாசகர் அறிந்ததே; அதில் நுழைய வேண்டியதில்லை. எனினும், நல்லடியார்களே பூமிக்கு வாரிசாவர் என்று ஸபூரில் எழுதியிருப்பதாக அன்பியா அத்தியாயம் 105-ஆம் வசனம் உரைக்கும் கருத்து, 37-ஆம் சங்கீதத்திலும் இருக்கக் கண்டபோது உள்ளம் சிலிர்த்தது. மலைகளும் பறவைகளும் சேர்ந்து துதித்த குரலல்லவா அது!

சபூர், ஸபூர். அறபியில் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கும் இவ்விரு சொற்களும் நம் தமிழ் நாவில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. அன்றிரவு வராந்தா விளக்கடியில் யூசுப் அத்தியாயத்தைத் திறந்தபோது, பொருளிலும் அவை அத்தனை தூரத்தில் இல்லை என்று தோன்றிற்று. 83-ஆம் வசனத்தில் அழகிய பொறுமையே என் வழி என்கிறார்கள் யஃகூப் நபி (அலை). அடுத்த வசனத்திலேயே துயரத்தால் அவர்தம் கண்கள் வெளுத்துப் போகின்றன. 86-ஆம் வசனத்தில், என் துன்பத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்கிறார்கள். பொறுமையும் முறையீடும் மூன்றே வசனங்களின் இடைவெளியில், ஒரே நாவில்! எத்தனை முறை ஓதியிருப்போம். ஒருமுறையேனும் இது கண்ணில் பட்டதா? பெருமானார் (ஸல்) அவர்களும் தம் அருமைப் புதல்வர் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்களே. இறைவன் பொருந்தாத சொல்லை மட்டுமே தவிர்த்தார்கள்.

நம் முன்னோர் இதை அறிந்தேயிருந்தனர். இல்லையேல், தமிழில் முனாஜாத்து என்றொரு தனி இலக்கிய வகையையே வளர்த்திருப்பார்களா? குணங்குடி மஸ்தான் சாகிபு ரகுமான் கண்ணியில் மன்றாடியதை இசையோடு பாடி மகிழ்கிறோம். நம் முறை வரும்போது மட்டும் ஊமையாகிவிடுகிறோம்.

அல்லாஹ்வுக்கு மிக உவப்பான தொழுகை தாவூத் நபியின் தொழுகை என்பது நபிமொழி. பாதி இரவு உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, எஞ்சிய ஆறில் ஒரு பங்கில் மீண்டும் உறங்குவார்களாம். நமக்கு அந்த வராந்தாவில் பாதி இரவு உறக்கம் ஏது! விழித்திருந்த நேரத்தில் இரண்டு ரக்அத் தொழுது, சஜ்தாவில் கிடந்து, உம்மாவை எம்மிடம் விட்டுவிடு என்று பச்சைத் தமிழில் கேட்டோம். கேட்கக் கூடாதென்று எண்ணியிருந்ததையும் கேட்டோம். அதன்பின் உறக்கம் வந்தது.

23-ஆம் நாள் அஸருக்குப் பின் உம்மா மௌத்தானார்கள். நாம் யாசீன் ஓதத் தொடங்கியபோது, மாலை வாசிப்புக்காக நூலை விரித்திருந்த அப்பெரியவர் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஓதி முடிக்கும் வரை அவர் அசையவில்லை.