தீவுகளுக்கு இரண்டு நாள்

கனடாவில் வாழும் என் தமக்கையார், பங்குனியில் குடும்பத்தோடு ஊருக்கு வருவதாகச் சென்ற தை மாதத்தில் அறிவித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் தங்கும் ஒரு கிழமையுள் சனியும் ஞாயிறுமாகிய இரண்டு நாளைத் தீவகத்துக்கென ஒதுக்கியிருப்பதாகவும், அதற்குரிய ஒழுங்குகளை நானே செய்யவேண்டுமென்றும் எழுதி, கீழே ஒரு பட்டியலும் இணைத்திருந்தார். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என நீண்ட அப்பட்டியலின் அடியில் அத்தானின் குறிப்பொன்று: “நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே துறையில்தானே வள்ளம் ஏறுவது? இரண்டையும் ஒரே நாளில் முடித்தால் மறுநாள் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் ஆறுதலாக இருக்கலாம்.”

கல்லூரியில் நேரசூசி போடும் பணி பல்லாண்டுகளாக என் தலையில் விழுந்த ஒன்று. நாற்பது நிமிடப் பாடத்துக்கு நேரம் வகுத்தல் அரிதன்று. கடலுக்கும் காற்றுக்கும் நேரம் வகுத்தவர் யாருமில்லை என்பதை அத்தானுக்கு எப்படி எடுத்துரைப்பது? ஒரே துறை என்பதனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுத்தலாமென எண்ணுவோர் பலர். அவர்கள் நெடுந்தீவில் இரண்டு மணி நேரம் வெயிலில் ஓடி, நயினாதீவில் அரை மணி நேரம் மூச்சு வாங்கி, இரவு வீடு திரும்பியபின் எதனையும் கண்டதாக நினைவுகூர மாட்டார்கள்.

தீவகத்துக்குப் போக எண்ணுவோர் முதலில் கணிக்க வேண்டியது காற்றையே. வைகாசி பிறந்தால் சோளகக் காற்று எழுந்து ஆவணி வரையில் கடலைக் கலக்கிக்கொண்டேயிருக்கும். நயினை அம்மனின் ஆனித் திருவிழா அக்காலத்தில் வருவதால், அலையில் நனைந்து அம்மனைக் காண்பதே அடியார் பலருக்கு வழக்கம். ஐப்பசிக்குப்பின் வாடைக் காற்றும் மழையும். மாசியும் பங்குனியுமே கடல் கண்ணாடிபோற் கிடக்கும் மாதங்கள். தமக்கையார் அறிந்தோ அறியாமலோ நல்ல காலத்தையே தெரிந்திருந்தார். அனலைதீவையும் எழுவைதீவையும் நான் முதலிலேயே வெட்டிவிட்டேன். அவற்றுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து வேறாகப் படகேற வேண்டும். கசூரினாவும் போயிற்று. அத்தான் இன்றுவரை அதனை மன்னித்தாரல்லர்.

எஞ்சியவற்றை இவ்வாறு வகுத்தேன்: சனிக்கிழமை காலையில் நயினாதீவு, பிற்பகல் ஊர்காவற்றுறை, ஞாயிறு முழுவதும் நெடுந்தீவு.

இத்திட்டத்தைப் படித்துக் காட்டியபோது அடுக்களை வாயிலில் நின்ற அம்மா, “நயினாதீவுக்கு வாறன். மற்றதுக்கு நீங்கள் போட்டு வாங்கோ, தம்பி,” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா பிறந்தது நெடுந்தீவில். மணமாகி வண்ணார்பண்ணைக்கு வந்தபின்னும் ஆண்டுக்கொரு முறையேனும் தாய்வீடு போய் வருவார். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தையும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இறந்தோருள் அம்மா அறிந்த முகங்களும் இருந்தன. அவ்வாண்டே பாட்டனாரும் பாட்டியாரும் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். அம்மா அதன்பின் நெடுந்தீவுக்குப் படகேறவேயில்லை. வற்புறுத்தும் துணிவு எங்கள் வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் வாடகை வண்டியொன்றிற் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது இருமருங்கும் கடல். இறால் பிடிக்கும் கூடுகளின் தடிகள் நீரில் வரிசையாக நின்றன. அல்லைப்பிட்டி, வேலணை, பின்னர் வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட தாம்போதி. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப்பின் மீளாத வீடுகள் வழியெங்கும் கூரையின்றி நின்றன. வாயிற்படியில் ஆல் முளைத்த ஒரு மாடி வீட்டைக் கண்ட மருமகன், “மாமா, இது ஆரின்ரை வீடு?” எனக் கேட்டான். வீட்டுக்காரர் உன் ஊரில் உன் தெருவிலேயே இருக்கவும் கூடும் என்றேன். அவன் அதனைப் பகிடியென்று கொண்டான்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குறிகட்டுவான் வந்தது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி உண்டு. கடப்பதற்குக் கால் மணி நேரம் போதும். கீழ்த்தட்டில் அடைந்திருக்க நேரின் வெக்கையாக இருக்கும். உயிர்காப்பு அங்கியைத் தந்தால் வெட்கப்படாது அணிந்துகொள்ளுங்கள்.

நயினாதீவு ஏறத்தாழ நான்கு சதுரக் கிலோமீற்றர் பரப்பேயுடைய சிறு தீவு. அச்சிறு நிலத்தைச் சுற்றித் திரண்ட கதைகளோ பெரிது. நாகபூஷணி அம்மனைப் பூசிக்க மலர் ஏந்திக் கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்ததும், வணிகனொருவன் இரண்டிற்குமிடையே புகுந்து நாகத்தைக் காத்ததும் தலபுராணம். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் இன்றும் கடலிற் காட்டப்படுகின்றன. மணிமேகலை சென்றடைந்த மணிபல்லவம் இத்தீவே என அறிஞர் பலர் கொள்வர், கொள்ளாதாரும் உளர். மகோதரன், சூலோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணி ஆசனத்துக்காகப் பொருதபோது புத்தர் பெருமான் வந்து சமாதானம் செய்த நாகதீபம் இதுவே என்பது பௌத்தர் நம்பிக்கை. ஆதலின் ஒரு துறையில் விபூதி பூசியவரும், மறு துறையில் வெள்ளாடை உடுத்த சிங்கள யாத்திரிகரும் இறங்குகின்றனர். இரண்டு இடத்தையும் பார்த்தாலன்றி நயினாதீவைப் பார்த்ததாகாது. அம்மன் கோயிலில் ஆண்கள் மேற்சட்டை களைய வேண்டும் என்பதை வெளிநாட்டிலிருந்து வருவோர் நினைவிற் கொள்க. அத்தான் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியை எங்கே வைப்பதென்று பட்ட பாடு தனிக்கதை.

நண்பகலில் அன்னதான மண்டபத்திற் பந்தியிலிருந்தோம். அம்மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலை காப்பியத்தை இங்கிலீசில் மட்டும் படித்திருந்த மருமகள், அப்பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பறையில் இருபதாண்டு கற்பித்தும் நான் கண்டிராத பார்வை அது.

அம்மன் கோயிலில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோர் அதனைக் கவனியாது கடந்துபோவர். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும் அது கட்டளையிடுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பலாயின் பாதிக்குப் பாதி. சிங்கள வேந்தனொருவன் கடல் வணிகருக்கான சட்டத்தைத் தமிழிற் பொறித்து வைத்தான் என்பதை மாணாக்கர் ஒரு தரம் நேரில் வந்து பார்த்தல் நன்று.

அக்கல்வெட்டிற் சொல்லிய ஊராத்துறைதான் நாங்கள் பிற்பகலில் அடைந்த ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை என்னும் பொருளில் அழைத்தனர். அவர்கள் மொழியில் துறையைக் குறிக்கும் சொல்லே ‘கயிற்ஸ்’ என மருவிற்று. வன்னியில் பிடித்த யானைகள் இங்கே கப்பலேறின. இன்று அவ்விடத்திற் கப்பலில்லை, யானையுமில்லை. துறையிற் சில மீன்பிடி வள்ளங்களும், காரைநகருக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் ‘பாதை’ என்னும் மிதவையும் மட்டுமே. நீரின் நடுவே ஹம்மன்ஹீல் கடற்கோட்டை தெரிந்தது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. இலங்கையைப் பன்றித் தொடையாக உருவகித்து, அதன் குதிக்காலெனப் பொருள்படும் பெயரை ஒல்லாந்தர் இதற்கு இட்டனர். பிற்காலத்தில் சிறையாயிருந்து, போருக்குப்பின் கடற்படையினர் நடத்தும் விடுதியாயிற்று.

அயலில் உள்ள கரம்பொன்னிலே 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடக் காரணராயிருந்த அவர் இவ்வொடுங்கிய ஒழுங்கைகளில் ஓடித்திரிந்த சிறுவன் என்று எண்ண எனக்கு வியப்பாகவேயிருக்கும். திரும்பும் வழியில், கசூரினாவுக்கு ஈடாகச் சாட்டிக் கடற்கரையில் அத்தானை ஒரு மணி நேரம் குளிக்கவிட்டோம். ஈடு செல்லாது என்றார்.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்ல மறந்தேன். நயினாதீவிலிருந்து மீண்டு குறிகட்டுவானில் இறங்கியபோது, நெடுந்தீவுப் படகு அடுத்த பக்கத்தில் கட்டியிருந்தது. சீமெந்து மூட்டை, அரிசி, கோழித் தீவனம், ஒரு மேசை எனப் பொருள்கள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா அதனைப் பார்த்தபடி நின்றார். வண்டியில் ஏறுமாறு இரண்டு முறை கூப்பிட்டோம். இரவு சாப்பிட்டு முடிந்து பாயை விரிக்கும்போதே, “விடியப்புறம் எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?” என்று கேட்டார்.

நெடுந்தீவுக்குச் செல்வோர் காலைப் படகைத் தவறவிடக் கூடாது. ஒரு மணி நேரக் கடற்பயணம். பிற்பகலில் திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனே துறையிற் கேட்டு உறுதிசெய்க. அதனைத் தவறவிட்டவருக்கு மறுநாட்காலைதான் வழி. நிழல் குறைவு, குடிநீர் அதனினும் குறைவு. ஆளுக்கு இரண்டு போத்தல் நீரும் ஒரு குடையும் வேண்டும். ஏறக்குறைய ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள தீவாதலின் நடந்து பார்த்தல் இயலாது. துறையில் ஓட்டோ பிடித்துக் கூலியை முன்னரே பேசிக்கொள்ளல் நலம்.

என் திட்டத்தில் ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, பெருக்குமரம், மட்டக்குதிரைகள் என ஐந்து இடங்கள் இருந்தன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். குதிரைகளோ அந்நியர் விட்டுச் சென்றவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஐரிஷ் அதிகாரி இங்கிருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். ஆண்டவர் போன பின்னர் அவற்றின் வழித்தோன்றல்கள் தாமே மேய்ந்து தாமே பெருகின. கோடையில் நீரின்றி அவை மடிவதும் உண்டு.

மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினியில் இறந்தோருக்கான நினைவிடத்தருகே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்றார். நாங்களும் நின்றோம். மருமக்கள் ஏதும் கேட்கவில்லை. தமக்கையார் முதல்நாளிரவே சொல்லியிருக்க வேண்டும். அங்கிருந்து கோட்டைக்குப் போனோம். பவளக்கல்லாற் கட்டிய சுவர்கள் பாதி இடிந்தும், பாதி கடலை வெறித்தும் நின்றன. புறாக்கூட்டையும் கண்டோம். வெட்டையில் ஏழெட்டுக் குதிரைகள் தலை தாழ்த்தி மேய்ந்தன. மருமகன் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை.

பின்பு அம்மா ஓட்டோக்காரத் தம்பியிடம் வழி சொல்லத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் ஒரு திருப்பந்தானும் பிழைக்கவில்லை. இருபுறமும் சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள். ஒன்றுபோல் ஒன்றிருக்க, எப்படித்தான் அடையாளம் கண்டாரோ! வீடு இல்லை. அத்திவாரத்தின் மேல் ஈச்சம்பற்றை. கல்வேலி மட்டும் ஓரிடத்திலும் சரியாது நின்றது. அதனைத் தம் தகப்பனார் தனியொருவராக அடுக்கினாரென்று அம்மா அதுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. வளவின் மூலையில் கிணறு இருந்தது. அயலார் தோய்வதற்கு அதனைப் பாவிப்பதாற் கயிறும் வாளியும் கிடந்தன.

அங்கே எவ்வளவு நேரம் போயிற்று என்பதை நான் பார்க்கவில்லை. அயல்வீட்டு ஆச்சியொருவர் வந்தார். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துத் தகப்பன் பெயரைச் சொல்லிக் கேட்டார். இருவரும் வேலியோரத்தில் இருந்துவிட்டார்கள். ஓட்டோக்காரத் தம்பி இருமுறை ஒலியெழுப்பி, பெருக்குமரத்துக்கும் வெடியரசன் கோட்டைக்கும் இனி நேரமில்லை என்றார்.

மருமகன் வாளியில் நீர் அள்ளி ஒரு வாய் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். “அம்மம்மா, இது உப்பாக் கிடக்குது!”

“அப்பவும் இப்பிடித்தான், அப்பு,” என்று சொல்லிக்கொண்டே அம்மா கைகளைக் குவித்து ஏந்தினார். அவன் அதில் நீரை வார்த்தான்.

பிற்பகற் படகில் திரும்பினோம். பெருக்குமரத்தைக் காணாத குறைக்கு அடுத்த முறை தனக்கு ஒரு நாள் தனியே வேண்டுமென்று மருமகன் வழியெல்லாம் வாதாடினான். அத்தான் உடனே, அப்படியாயின் கசூரினாவுக்கும் ஒரு நாள் என்றார். அம்மா படகின் பின்பக்கத்தில், தீவு தெரியும் பக்கமாகத் திரும்பி இருந்தார்.