ஒரு பட்டை பதநீர்

சாரல் தொடங்கிவிட்டால் தூத்துக்குடிக்காரனுக்கு இன்னொரு உத்தியோகம் வந்து சேரும். 'குற்றாலத்துல தண்ணி விழுதா?' என்று சென்னையிலிருந்து போன் வரும். 'விழுது' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு! அடுத்த சனிக்கிழமை காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பமே வந்து இறங்கிவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மலையோ கடலோ இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இருபது வருடமாகச் சம்பளமில்லாத கைடு நான். முதல் நாள் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். குளித்த பசிக்கு பிரானூர் பார்டரில் புரோட்டா. மறுநாள் துறைமுகம், பனிமய மாதா கோயில், ஊருக்குக் கொண்டுபோக மக்ரூன். போலீஸ் விசில் ஊதினால் கெஞ்சாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பான விதி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதிலிருந்து அதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு ஜூன் மாதம் வந்த நண்பர் அதற்கு முன்புதான் நாசிக் போய் வந்திருந்தார். ஐந்தருவியில் தலை துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அங்க திராட்சைத் தோட்டத்தைச் சுத்திக் காட்டி, பீப்பாயைக் காட்டி, கடைசியில ஒயினை ருசி பார்க்கவும் குடுக்கறாங்க சார். உங்க பக்கம் அப்படி லோக்கலா ஒண்ணும் இல்லையா?"

யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதாகப் புறநானூறு சொல்கிறது என்றேன். "அப்பவே ஃபாரின் சரக்கா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்துச் சரக்கு எது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் தயக்கம்.

மறுநாள் ரூட்டை மாற்றினேன். திருச்செந்தூர் சாலையில் ஆத்தூர் பக்கம் தாமிரபரணிப் பாலத்தில் காரை நிறுத்தி, "நேத்து நம்ம தலையில விழுந்த தண்ணி இங்கதான் வருது" என்றேன். குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, முத்துக்குளிப்புக்குப் பேர்போன பழைய கொற்கைப் பக்கமாக வந்து, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. குழந்தைகள் தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து உடன்குடிப் பக்கம். செம்மண் தேரி, கண்ணுக்கெட்டிய தூரம் பனை. மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெரியவர் எங்களுக்கு ஓலைப் பட்டை மடித்துப் பதநீர் ஊற்றினார். நண்பர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இது புளிச்சாதானே கள்ளு?" என்றார்.

"கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுனா பதநீ. தடவாம விட்டா கள்ளு. கள்ளுன்னா போலீஸ் வரும்" என்றார் பெரியவர்.

1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. 2003-லிருந்து சீமைச் சரக்கை அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. குற்றாலத்திலிருந்து மலைக்கணவாயைத் தாண்டினால் கேரளா. அங்கே கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. இங்கே சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு கை சுண்ணாம்பு. குடி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சீசன் முழுக்கக் காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறிப் பாளை சீவுகிறவருக்குச் சந்தேகப் பார்வையும், பாட்டிலுக்கு ராஜ மரியாதையும் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

பெரியவர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி... நீங்க அந்த மேலத்தெரு பனையேறி பேரன்லா?"

நண்பர் என் பக்கம் திரும்பினார். 'தாத்தா விவசாயம்' என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மரத்தில் உரசி உரசி நெஞ்சில் கறுப்பாய்க் காய்த்துப்போன தழும்பைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கேலி செய்தார்கள். அன்று மூடிய வாய். இத்தனை வருடமும் விருந்தாளிகளை உடன்குடிப் பக்கம் கூட்டி வராததற்கு அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

"ஆமாய்யா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்தது.

"முப்பது மரம் ஏறுவாரு. சாயங்காலமும் அதே முப்பது" என்றார் பெரியவர், என் நண்பரைப் பார்த்து. தன் மகன் துறைமுகத்தில் லாரி ஓட்டுவதாகவும், தனக்குப் பிறகு இந்த மரங்களில் ஏற ஆளில்லை என்றும் சொன்னார்.

பக்கத்துக் குடிசையில் பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஏறுவதற்கு ஆள் இல்லாவிட்டால் குறியீட்டை வைத்து என்ன செய்வது? நண்பர் நான்கு கிலோ வாங்கினார், பேரம் பேசாமல்.

அன்றிலிருந்து என் ரூட்டில் இந்த இடமும் உண்டு. சாரலுக்கு நீங்கள் வந்தால் ஜூனிலேயே வாருங்கள். பிறகு பதநீர் சீசன் முடிந்துவிடும். அருவிக்கு வழி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இங்கே நான் கூட்டி வருகிறேன். வரும் வழியில் என் தாத்தாவைப் பற்றியும் சொல்கிறேன்.