கால் கழுவத் தண்ணீர்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், அண்ணாமலையை அடைய இன்னும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இருக்கும்போது போளூர் வந்துவிடுகிறது. விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதையும் இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. ஊரை ஒட்டிய சம்பத்கிரிக் குன்றும் அதன்மீதுள்ள நரசிம்மர் கோவிலும் தொலைவிலிருந்தே வழிப்போக்கரை வரவேற்கும். சம்புவராயர்கள் ஆண்ட படவேடும், 16 அடி உயர நேமிநாதர் சிலையும் இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டும் கொண்ட சமணத் திருமலையும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவையே. நம் வேலூர் மறைமாவட்டம் 1952ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. போளூர் அதன் எல்லைக்குள் அமைந்த ஊர்.

ஆனால் நாம் எழுத விரும்புவது ஊரைப் பற்றி அன்று. மேற்கே நீலமாய்த் தெரியும் ஜவ்வாது மலையைப் பற்றி. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரை அடைய ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கப்பர்நாகூமிலிருந்து நயீன் ஊருக்கும் ஏறத்தாழ அதே தொலைவு என்பர். லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கடந்த வழி அது. கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவனின் பணியாளன் நலமடைகிறான். நயீன் ஊர் வாயிலில் கைம்பெண்ணின் மகன் உயிர் பெறுகிறான். அதிகாரத்தின் முடிவில், பரிசேயர் சீமோனின் விருந்தில், அழுதுகொண்டு வந்த ஒரு பெண் மன்னிப்புப் பெறுகிறாள். பொதுக்காலத்தின் 24ஆம் வாரத்தில் இவ்வதிகாரத்தின் பெரும்பகுதி திங்கள் முதல் வியாழன் வரை நாள்தோறும் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. செப்டம்பர்த் திங்களின் நடுவில் வரும் அந்த வாரத்தில்தான் நாம் மலைக்குச் சென்றோம்.

அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, நம்மைக் கண்டு மரியாதையுடன் எழுந்து இடமளித்த ஒரு பெரியவர், செல்லுமிடம் கேட்டதும் முகம் மாறினார். "மலைக்கா சாமி? பார்த்துப் போங்க. எல்லாம் மரம் வெட்டுற ஆளுங்க" என்றார். தீய எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. நம்மீதுள்ள அக்கறையால் சொன்னார். அக்கறையோடு சொல்லப்படும் பழிச்சொல்லுக்கு வலிமை அதிகம். கேட்பவர் அதை ஐயுறுவதில்லை.

பேருந்து வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏற ஏறக் காற்று குளிர்கிறது. சாமை கதிர் பிடித்திருந்த பருவம். சரிவுகளில் பசுமையும் பொன்னிறமும் மாறிமாறித் தெரிந்தன. பலாவும் புளியும் தேனும் இம்மலையின் செல்வங்கள். ஒரு காலத்தில் சந்தனம் முதற்செல்வமாய் இருந்தது. அதன் மணத்தை நாடி வந்த கள்ளக் கோடரிகளுக்குப் பின் எஞ்சியது சொற்பமே. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் மலையை ஆள்வோர் என்ற பொருளில் அப்பெயரைத் தாங்கியவர்கள். கேரள நாட்டவர் அல்லர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது வழிவழிச் செய்தி. மலையின் மறுபுறம், ஆலங்காயம் பக்கம், காவலூரில் விண்ணோக்கு நிலையம் உள்ளது. 1988இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. கோடானுகோடிக் கல் தொலைவிலுள்ள ஒரு கல்லைக் காணக் கண்ணுள்ள நமக்கு, 40 கிலோமீட்டரில் வாழும் மனிதரைக் காண அடிவாரத்துப் பெரியவரின் கண்ணைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது!

நாம் சென்ற சிற்றூரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. மண்சுவர், தாழ்ந்த கூரை. குனிந்தே நுழைய வேண்டிய வாயில். வாயிலில் நின்ற மூதாட்டி நாம் யார், எதற்கு வந்தோம் என்று வினவவில்லை. உள்ளே சென்றார், ஒரு குடம் தண்ணீரும் செம்பும் கொணர்ந்து திண்ணையோரம் வைத்தார். "நடந்து வந்திருக்கீங்க. காலைக் கழுவுங்க சாமி" என்றார். அவ்வூரில் தண்ணீர் தெருக்குழாயில் தாராளமாய்ச் சொரிவதில்லை. சரிவில் இறங்கித் தூக்கி வர வேண்டும். அந்தக் குடம் எத்தனை மூச்சு வாங்கி மேலே வந்ததோ, அதில் பாதி நம் கால்களுக்குச் சென்றது.

பின்பு அவர் சற்றுத் தயங்கி நின்றார். "சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருக்குது. எங்க வீட்டுல சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்.

அன்பர்களே, அக்கேள்வியை நாம் திருப்பலிப் பீடத்தருகே நாள்தோறும் கேட்கிறோம்! நற்கருணை வாங்குமுன், ஆண்டவர் எழுந்தருளிவர நம் இல்லம் தகுதியற்றது என்று நாமனைவரும் அறிக்கையிடுகிறோம் அன்றோ? அது நூற்றுவர் தலைவன் நண்பர் வழியே சொல்லியனுப்பிய செய்தி. அவன் ஏழையல்லன், யூதருக்குத் தொழுகைக்கூடமே கட்டிக்கொடுத்தவன். ஆயினும் அவன் பிற இனத்தான். பிற இனத்தார் வீட்டில் யூதர் நுழைவது தீட்டு எனக் கருதப்பட்ட காலம் அது. வருகின்ற விருந்தினர் தன்னால் ஊரார் ஏச்சுக்கு ஆளாக வேண்டாமே என்ற கூச்சமும் அவனது பணிவில் கலந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். விருந்தோம்பலின் நுண்மை இது: வீட்டைத் திறப்பதற்கு முன்னரே விருந்தினரின் மனத்தை எண்ணிப் பார்ப்பது. மூதாட்டியின் தயக்கத்திலும் அதே கூச்சத்தைக் கண்டோம். சமவெளியிலிருந்து வந்த சிலர் அவர் வீட்டில் உண்ண மறுத்திருக்கிறார்கள் என்பது பின்னர்ப் பேச்சில் தெரிந்தது.

உண்டோம். சாமைச் சோறு சுவையாயிருந்தது; மொச்சையில் காரம் சற்று மிகுதி.

உண்டு முடிந்தபின் அவருடைய ஒரே மகன் வந்து முற்றத்தில் அமர்ந்தான். தந்தை இல்லை. முப்பது வயதிருக்கும். நாம் எதையும் கேட்காமலே, ஆந்திரச் சிறையில் சில மாதங்கள் இருந்துவந்ததைச் சொன்னான். "இடைத்தரகர் அட்வான்ஸ் கொடுத்தார் சாமி. அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வாங்கிட்டேன். வாங்கின பிறகு வரலைன்னு சொல்ல முடியல" என்றான். அவன் வெட்டச் சென்றது செம்மரம். ஆந்திரத்தின் தென்பகுதியில், சேஷாசலம் முதலான மலைகளில் மட்டுமே இயல்பாய் வளரும் மரம் அது. கடல்கடந்து சீனாவில் பெருவிலைக்குப் போகிறது. அவ்விலையில் வெட்டுபவன் கைக்கு வருவது அற்பம். வழக்கும் குண்டும் மட்டும் முழுமையாய் அவனுக்கே வருகின்றன.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிர்ப்புப் பெருவிழா முடிந்து இரண்டாம் நாள். திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் போளூரையும் ஜவ்வாது மலையையும் உள்ளடக்கிய திருவண்ணாமலை மாவட்டத்தினர். கல்லாலும் கோடரியாலும் தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள் என்றனர் தப்பி வந்தோர். போளூர் வட்டாரத்துக் குடும்பங்கள் உடல்களைப் பெற்றும் உடனே அடக்கம் செய்யவில்லை. ஐதராபாத் உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி ஆறு உடல்கள் மறுபடியும் பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டன. தமிழக அரசு குடும்பத்துக்கு 3 இலட்சம் ரூபாய் அறிவித்தது. 2013 டிசம்பரில் அதே காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டதையும் இங்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்காகவும் வீட்டு வாயிலில் அழுதவர் உண்டு.

மலையில் இருந்த அவ்வேளையில் நயீன் ஊரை நினையாதிருக்க முடியவில்லை. அதுவும் ஒரு மலைச்சரிவிலுள்ள சிற்றூரே. இன்று அங்கு முஸ்லிம் மக்கள் வாழ்கின்றனர். பிரான்சிஸ்கன் துறவியர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எழுப்பிய சிற்றாலயம் ஒன்றும் உண்டு. அம்மலையின் மறுபக்கத்தில் இருந்தது சூனேம். இறைவாக்கினர் எலிசாவுக்கென மாடியில் ஓர் அறை கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்து உபசரித்த அன்னையின் ஊர் அது. இறந்துபோன அவளுடைய மகனையும் எலிசா உயிர்ப்பித்துக் கொடுத்ததாக அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. சூனேமில் விருந்தோம்பல் முந்தி நின்றது, புதுமை பின்தொடர்ந்தது. நயீனில் அதுவும் இல்லை. அந்தக் கைம்பெண் இயேசுவை அழைக்கவில்லை, மன்றாடவில்லை, அவளது விசுவாசத்தைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. இறந்த இளைஞன் எப்படிப்பட்டவன், எதனால் இறந்தான் என்றும் இயேசு விசாரிக்கவில்லை. அவளைக் கண்டார், மனம் இரங்கினார், பாடையைத் தொட்டார். நாமோ 2015இல் அந்த இருபது பாடைகளையும் கண்டபோது, தொடுவதற்கு முன் விசாரித்தோம். அவர்கள் திருடர்களா, இல்லையா? விசாரணை நீதிமன்றத்தின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் இழவு வீட்டுக்குச் செல்பவருக்கு அது எதற்கு?

சீமோனின் வீடு இம்மூன்றினும் வேறானது. அங்கு விருந்து இருந்தது, விருந்தோம்பல் இல்லை. அக்காலத்தார் சாய்ந்தமர்ந்து கால்களைப் பின்னே நீட்டி உண்பர். ஆகவேதான் அப்பெண் அவருடைய காலடியில் பின்புறமாய் நிற்க முடிந்தது. கால் கழுவத் தண்ணீர், வரவேற்கும் முத்தம், தலைக்கு எண்ணெய்: சீமோன் கொடுக்காத மூன்றையும் ஆண்டவர் ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்கிறார். அதற்கு முன், அப்பெண் அவன் கண்ணில் படுகிறாளா என்றே வினவுகிறார். சீமோனுக்கு ஊராரின் பேச்சு தெரிந்திருந்தது. எதிரே அழுத பெண் தெரியவில்லை. (அவளை மகதலா மரியாவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. புனித பெரிய கிரகோரியார் 591இல் ஆற்றிய மறையுரையினால் அது பரவியது. லூக்கா அவள் பெயரைச் சொல்லவில்லை. 1969இல் திருத்தப்பட்ட திருவழிபாட்டு நாட்காட்டியும் அவ்விருவரையும் ஒன்றாக்கவில்லை.)

ஒருவனுக்கு 500 தெனாரியம் கடன், மற்றவனுக்கு 50. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆகவே முதல்வனின் கடன் ஒன்றரை ஆண்டு உழைப்புக்கு மேல். அட்வான்ஸ் வாங்கிய அம்மலை மகனுக்கு இவ்வுவமையை விளக்கவே வேண்டியதில்லை! தள்ளுபடியான பெருங்கடனை எண்ணி அன்பு பொங்குகிறது. அப்பெண்ணின் கண்ணீர் விலையன்று, நன்றி. தனக்குக் கடனே இல்லையென்று எண்ணிய சீமோனின் வீட்டில்தான் ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்கவில்லை.

நமக்கும் மலைக்கும் இடையே கடன் யார் தலையில்? செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், போளூர்ப் பக்கங்களின் வயல்களுக்கு ஈரம் தந்துவிட்டுத்தான் கிழக்கே போகிறது. நம் கிணறுகளின் ஊற்றுக்கண் அங்கே இருக்கிறது. அங்கிருந்து மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கீழே வரும் பிள்ளைகள் வாடகைக்கு அறை கேட்டால், மலைப்பிள்ளை என்று தெரிந்ததும் இடமில்லை என்போர் நம் ஞாயிற்றுத் திருப்பலிக்கு வருவோருள்ளும் இருக்கின்றனர். 2024 பிப்ரவரியில் ஒரு நற்செய்தி வந்தது: ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த 23 வயது மலையாளிப் பழங்குடிப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். மகப்பேறு முடிந்த சில நாட்களிலேயே தேர்வெழுதச் சென்றவர் அவர். செய்தித்தாளில் அவர் படத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களும் அந்தப் பிள்ளைகளுக்கு அறை மறுத்தவர்களும் எப்போதும் வேறுவேறு ஆட்கள் என்று சொல்வதற்கில்லை.

ஆண்டவர் பேசி முடித்தபின் சீமோன் என்ன செய்தான்? எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தானா? லூக்கா சொல்லவில்லை. பந்தியிலிருந்தோர் தங்களுக்குள் முணுமுணுத்ததை மட்டும் எழுதுகிறார். அப்பெண் சமாதானத்தோடு போகிறாள். அடுத்த அதிகாரம் தொடங்குகையில் மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா முதலிய பெண்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு ஆண்டவருக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தபடி ஊர் ஊராய் உடன் செல்கின்றனர்.

புறப்படும்போது மூதாட்டி ஒரு படி சாமையைத் துணியில் முடிந்து கையில் தந்தார். மகன் சாலைவரை உடன் வந்தான். பேருந்தில் ஏறியபின் அன்னை சொல்லியனுப்பிய செய்தியைச் சன்னலருகே நின்று சொன்னான்: "அடுத்த தடவை உங்க ஊர்ச் சனங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க சாமி. சாமை அறுப்பு முடிஞ்சா எங்களுக்கும் ஒழிவா இருக்கும்." எத்தனை பேர் வருவோம் என்று முன்கூட்டிச் சொன்னால் போதுமாம், தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும் அல்லவா.