கொறங்காட்டுப் பூளை

சித்த மருத்துவரான நண்பர் சொல்லித்தான் காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். அவருக்குச் சிறுபீளை பறித்துக் கொடுக்கும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வைத்தியர்கள் சிறுபீளை என்பதைக் கொங்கு நாட்டில் பூளைப்பூ என்பார்கள். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு இறவாரத்தில் செருகும் காப்புக்கட்டுச் செடி. காலி மனை, தோட்டத்து வரப்பு, வாய்க்கால் மேடு எங்கும் தானாக முளைக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் இதுவும் உண்டு.

கிளுவை வேலி போட்ட கொறங்காட்டுக்குள், அதாவது மேய்ச்சல் நிலத்துக்குள், அந்த அம்மா முன்னால் நடந்தார். ஐப்பசி மழைக்குக் கிளம்பிய செடிகள் வெள்ளைக் கதிர் பிடித்து நின்றன. தேய்ந்துபோன களைக்கொத்தால் மண்ணை நெம்பி, வேர் அறாமல் எடுத்தார். மருந்துக்கு வேர் முதல் பூ வரை முழுச் செடியும் வேண்டும். நாலு செடி எடுத்தால் ஒன்றை விட்டுவிட்டு நகர்ந்தார்.

"வெதை உழுகோணுமல்லோ கண்ணு. எல்லாத்தையும் வழிச்சுப்போட்டா அடுத்த மழைக்கு எங்க போறது?"

தார் ரோட்டோரம் கொத்தாகப் பூத்திருந்ததைக் காட்டினேன். தொடமாட்டேன் என்றார். "அங்கெல்லாம் மருந்தடிச்சிருப்பாங்க. குடிக்கற சாமானுங்க."

அந்த மருந்துதான் அவர் பிழைப்பைப் புரட்டிப் போட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல் கடலைக்காட்டில் களையெடுத்தவர். இதே பூளையைப் பிடுங்கி வரப்பில் எறிவதற்குத்தான் அன்று கூலி. களைக்கொல்லி வந்தது, முதுகில் டேங்க் மாட்டிய ஒரே ஆள், பத்துப் பெண்களின் வேலையை ஒரு காலையில் முடித்தார். வீட்டுக்காரர் இறந்து, மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபிறகு, வரப்பில் எறிந்த செடியே அவருக்குச் சோறாயிற்று.

பறித்ததை மண் போக அலசி, நறுக்கி, திண்ணை நிழலில் பரப்புகிறார். வெயிலில் போட்டால் வெளுத்துவிடுமாம். பொடி அரைப்பதெல்லாம் டவுனில் நடப்பது. அங்கே நான் போகவில்லை.

எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். காய்ந்த பூளை ஒரு கைப்பிடி, கொஞ்சம் சீரகம், தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, பிறகு கருப்பட்டி. மழை நனைத்த வைக்கோலின் மணம், கசப்பே இல்லை. இலங்கையில் இதைப் பொல்பலா என்று தேநீராகவே குடிக்கிறார்கள், பைகளில் அடைத்தும் விற்கிறார்கள். நம் சித்த வைத்தியத்தில் நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுப்பது. ஆனால் வலியோடு வந்து கேட்பவர்களை இந்த அம்மா முதலில் டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

நாலைந்து கிலோ பச்சைச் செடி காய்ந்தால் ஒரு கிலோ தேறுவதே பாடு. அதை எடுக்க வரும் வியாபாரி ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று எடையில் கழிக்கிறார். விலையும் அவர் சொல்வதுதான். பெரிய ஊர்க் கடைகளில் அதே செடி பளபளக்கும் டப்பாவில், பல மடங்கு விலையில் உட்கார்ந்திருக்கிறது. எந்தச் செடி, எந்த மண், எப்போது பறிப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்ற அறிவு முழுக்க இந்த அம்மாவிடம் இருக்கிறது. காசு முழுக்க டப்பா அடைத்தவரிடம் போகிறது. இதை வியாபார சாமர்த்தியம் என்று என்னால் ஏற்க முடியாது. உழைத்தவரின் பங்கைப் பிடுங்குவதுதான் இது. மூலிகையைப் போற்றுகிறோம், பாரம்பரியம் என்று மேடையில் முழங்குகிறோம். குனிந்து பறித்தவரின் கூலியைப் பற்றி அந்த மேடைகளில் ஒரு சொல் உண்டா?

வருஷத்தில் அவர் கைக்கு முழு விலை நேராக வருவது போகிக்கு முந்தின சந்தை நாட்களில்தான். தரையில் சாக்கு விரித்து, தானே காப்புக்கட்டு விற்கிறார். அப்படிச் சாக்கு விரித்திருப்பவரைப் பார்த்தால் அவரிடமே வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.