எங்கள் வீட்டின் முகம்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. அகம் என்றால் உள்ளம். வீடு என்ற பொருளும் அதற்கு உண்டு என்று எங்கள் தமிழாசிரியை வகுப்பில் கூறினார். அப்படியானால் வீட்டின் முகம் எது? வாசல்தான். அந்த முகத்தை எப்படி அழகுபடுத்துவது என்பது கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்காகவே நடந்தது. அதைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், என் தாத்தாவின் தந்தை கட்டிய வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். இப்பகுதியின் பழைய வீடுகளுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு இருக்கும்; அதைத் தாழ்வாரம் என்போம். அதற்குள்ளே, கதவுக்கு இருபுறமும் திண்ணை. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியில் உயர்ந்த மதில்கள் வீட்டைத் தெருவிலிருந்து மறைத்து நிற்கும். நம் பகுதி வீடுகளோ தெருவில் போகிறவருக்கு முதலில் ஓர் இருக்கை போட்டுவிட்டு, அதற்குப் பின்னால்தான் கதவை வைக்கும்.

எங்கள் வாசல் சில ஆண்டுகளாகப் பொலிவிழந்து கிடந்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. சாய்ப்பில் ஓடுகள் சரிந்திருந்தன. ஒரு தூணின் அடிப்பாகத்தைக் கரையான் தின்றிருந்தது. இந்த நிலையில்தான் என் அக்காவுக்கு வரன் வந்தது. தை மாதம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

“வாசலைப் பார்த்தே நம்மை எடை போட்டுவிடுவார்கள், அண்ணா. திண்ணையை இடித்துவிட்டு, சுவர் முழுதும் டைல்ஸ் ஒட்டி, இரும்புக் கேட் போட்டுவிடலாம். ஒரு காரும் நிற்கும்” என்றார் சித்தப்பா. அப்பா கடன் வாங்குவதற்கும் தயாரானார். அக்கா மட்டும் என்னிடம், “அவர்கள் பார்க்க வருவது என்னையா, சுவரையா?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பாட்டி அதிகம் பேசுகிறவர் அல்லர். அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். “திண்ணையை இடித்துவிட்டால் பூக்காரி எங்கே உட்கார்ந்து கட்டுவாள்?”

உண்மைதான். மாலை நான்கு மணிக்குப் பூக்கார அம்மா கூடையை இறக்கி வைப்பது எங்கள் திண்ணையில்தான். மழை வந்தால் பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்குவதும் அங்கேதான். உலாவப் போகும் பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொள்வதும் அதிலேதான். இவர்களுள் ஒருவரும் எங்கள் உறவினர் அல்லர். எவரும் அனுமதி கேட்டதும் இல்லை.

அப்பா ஒரு வயதான கொத்தனாரை அழைத்துக் காட்டினார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர். மண்ணின் ஈரம் இதில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டும் டைல்ஸும் வைத்து அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லையே அரித்துவிடும்” என்றார். முன்பு சிமெண்ட் பூசிய எங்கள் பின்கட்டுச் சுவர் ஏன் பொரிந்து பொரிந்து விழுகிறது என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

அந்த ஞாயிறு மாலை அப்பா எங்களை வைசியாள் வீதிக்கு அழைத்துச் சென்றார். 2000-களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பு அத்தெருவின் பழைய வீட்டு முகப்புகளை, தாழ்வாரமும் திண்ணையுமாக, சீரமைத்தது. அப்பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அங்கே பளபளக்கும் பொருள் எதையும் நாங்கள் காணவில்லை. ஒரே வரிசையில் தூண்கள், நிழல், சுத்தமான சுவர், அவ்வளவுதான். ஆனாலும் வெளியூரார் நின்று நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். திரும்பும் வழியில் அப்பா சித்தப்பாவுக்குத் தொலைபேசியில், “திண்ணை இருக்கட்டும்” என்றார்.

அரையாண்டு விடுமுறையில் வேலை தொடங்கியது. சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் அது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆகையால் கொத்தனார் எங்களைக் கிட்டே விடவில்லை. ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சிறிது வஜ்ஜிரமும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்தார். தடிப்பாக ஒரே முறை பூசினால் உரிந்துவிடுமாம். மெல்லியதாக மூன்று முறை பூசினார். பூசும்போது வெறும் தண்ணீர் போலிருந்தது. காயக் காயத்தான் வெண்மை எழுந்தது. தச்சர் தூணின் கெட்ட அடியை அறுத்தெடுத்து, புது மரத்தை ஒட்டுக் கொடுத்தார். நானும் அக்காவும் கதவிலிருந்த பழைய பெயின்டைச் சுரண்டினோம். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே தேக்கு! அதற்கு ஆளிவிதை எண்ணெய் தடவினோம். தம்பி பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்த்தான். திண்ணையின் சிவப்புத் தரையைப் பாட்டியே தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். டைல்ஸுக்குப் போட்ட மதிப்பில் பாதிகூடச் செலவாகவில்லை.

தை மாதம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வெயிலில் களைத்து வந்தவர், உள்ளே நுழையுமுன் திண்ணையில் அமர்ந்து, “அப்பாடா, என்ன குளிர்ச்சி!” என்றார். அக்கா அங்கேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அவர்கள் கேட்டது எங்களால் இயலாததாக இருந்தது. அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் அக்கா அதிகாலையில் எழுந்து, வழக்கத்தைவிடப் பெரிய கோலமாகப் போட்டாள். “யாராவது வரப்போகிறார்களா?” என்று கேட்டேன். “தெருவில் தினமும் எத்தனை பேர் வருகிறார்கள்!” என்றாள் அவள். கேட்டுக்கொண்டே வெளியே வந்த அப்பா, பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார். கடன் வாங்கி இடித்திருந்தால் அன்று அவருக்குச் சிரிப்பு வந்திருக்குமா?

தோழியரே! எல்லோர் வீட்டிலும் திண்ணை இருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு ஒரு கதவும் நான்கடித் தரையும்தான் வாசல். அதையும் கூட்டித் துடைத்து, செருப்புகளை ஒழுங்காக அடுக்கி, ஒரு துளசிச் செடியோ செம்பருத்தியோ வைக்கலாம். கோடையில் ஒரு பானைத் தண்ணீரும் குவளையும் வைக்கலாம். வீட்டின் உட்புறம் நம்முடையது. வெளிப்புறத்தை நம்மைவிட அதிகமாகப் பார்க்கிறவர்கள் பிறர். அவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியும் காலுக்குச் சற்று ஓய்வும் தரும் வாசலே அழகிய வாசல்.

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு