அசையாமல் நிற்க ஒரு மர வேலை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்களும் மாட வீதியைச் சுற்றி வரும். மரம் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதை இந்த ஊர் ஆண்டுதோறும் கண்ணாரப் பார்க்கிறது. செங்கம் சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் தச்சுப் பட்டறைக்கு நான் போனது, இம்மியும் அசையக் கூடாத ஒரு மர வேலையைப் பார்க்க. ஒரு வீட்டு மீன்தொட்டிக்கான ஸ்டாண்டும் மேல்மூடியும் அங்கே உருவாகிக்கொண்டிருந்தன.

தொட்டி 4 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. பார்வைக்குச் சிறிய பெட்டிதான். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நீர் நிரப்பினாலே 200 லிட்டருக்கு மேல், அதாவது 200 கிலோவுக்கு மேல். 10 மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோவுக்கு மேல் வரும். அடியில் பரப்பும் மணலும் கல்லும் சேர்ந்தால் மொத்தம் சுமார் 300 கிலோ ஆகிவிடும். ஐந்து பெரியவர்கள் இரவும் பகலும் இறங்காமல் ஏறி நிற்பது போன்ற பாரம் இது.

பட்டறையின் பெரிய ஆசாரி இந்தப் பாரத்தைத் தாங்கும் வழியை ஒரே வரியில் சொன்னார்: “ஆணி எடை தாங்கக் கூடாது சார், மரந்தான் மரத்தைத் தாங்கணும்.” மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து ஸ்குரூ அடித்தால் மொத்தப் பாரமும் அந்த ஸ்குரூவில் தொங்கும். அவர் காலின் தலையில் கழுந்து எடுத்து, அது நுழையச் சட்டத்தில் துளை போட்டு, காலின் மேலேயே சட்டத்தை உட்கார வைக்கிறார். தொட்டியின் எடை சட்டத்தில் இறங்கி, காலில் இறங்கி, நேராகத் தரைக்குப் போய்விடுகிறது. குறுக்குக் கட்டைகளும் பின்பலகையும் ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்கின்றன.

காலுக்கு வேம்பு. வெட்டி, அறுத்து, நிழலில் காயவைத்த மரம். ஈரம் போகாத மரத்தில் செய்த சட்டம் சில மாதங்களில் முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் கண்ணாடி அந்த முறுக்கைப் பொறுக்காது, விரிசல் விடும். கழுந்து துளையில் இறுகும்வரை அவர் உளியால் பொடிப்பொடியாகச் சீவி, போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி சீவினார். அவருடைய மகன் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேற்பரப்பு சமமாக இல்லாவிட்டால் கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் பாரத்தை வாங்கும். சிறு மேடு பள்ளங்களுக்குத் தொட்டியின் அடியில் தெர்மாகோல் விரிப்பார்கள். ஆனால் கோணிய சட்டத்தைத் தெர்மாகோல் நேராக்காது.

மேல்மூடியின் சிக்கல் வேறு. அதற்குப் பாரம் இல்லை, ஈரம்தான் எதிரி. தொட்டியிலிருந்து எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் ஓயாமல் படியும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அந்த ஈரத்தில் ஊதி உதிர்ந்துவிடும். அதனால் நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டை எடுத்து, வெட்டிய விளிம்புகள் உட்பட உள்ளே முழுக்க வார்னிஷ் பூசுகிறார்கள். பின்பக்கம் திறப்பு விடுகிறார்கள்: விளக்கின் சூடு வெளியேற வேண்டும், இந்த ஊர் வெயிலில் நீர் மேலும் சூடாகக் கூடாது, வடிகட்டியின் குழாயும் ஒயரும் போக வழி வேண்டும். முன்பக்கம் கீல் வைத்த கதவு, தீனி போட. மீன் துள்ளி வெளியே விழாமலும் இந்த மூடி காக்கிறது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் பருக்கும்; கோடையில் சுருங்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கதவு திறக்காது.

கடைகளில் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு சீக்கிரம் கிடைக்கிறது, விலையும் குறைவு. பல வீடுகளுக்கு அது போதும். ஆனாலும் மர ஸ்டாண்டுக்கு ஆசாரி சொல்லும் கூலியைக் கேட்டு, “நாலு காலும் ஒரு பெட்டியும்தானே” என்று பேரம் பேசுபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அந்தக் கூலியில் பெரும்பங்கு, மூட்டுக்குள் மறைந்துபோகும் கழுந்துக்கானது. வேலை முடிந்தபின் அது யார் கண்ணிலும் படாது. கூடத்தில் குழந்தைகள் தொட்டியின் கண்ணாடியில் முகம் பதித்து மீன் பார்க்க முடிவது அந்தக் கழுந்தின் தயவில்தான். மீனுக்கும் கண்ணாடிக்கும் மனமுவந்து செலவழிக்கும் நாம், அவற்றைச் சுமக்கும் கைவேலைக்கும் அதே மனத்தோடு கூலி தர வேண்டும்.