பக்கத்துக் கதவு

மாருதி 800 காரின் அகலம் 1.44 மீட்டர். இன்று தெருவுக்கு இரண்டு நிற்கும் கிரெட்டா 1.79. ஸ்கார்ப்பியோ-என் 1.917. பொது நிறுத்தங்களில் ஒரு காருக்கு நம் கட்டட விதிகள் கேட்கும் இடமோ 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அடுத்தடுத்த கட்டங்களில் நட்டநடுவே நிறுத்தினால் இரண்டு 800-களுக்கு இடையே 106 சென்டிமீட்டர் கிடைக்கும். இரண்டு ஸ்கார்ப்பியோக்களுக்கு இடையே 58. இதில் சைடு மிரர் கணக்கில் வரவில்லை. அந்த 58-க்குள் கதவைத் திறந்து, கதவின் தடிமன் போக மிச்சமிருக்கும் இடுக்கில் ஒரு ஆள் இறங்க வேண்டும். கையில் பை இருக்கும், குழந்தை இருக்கும். பக்கத்து வண்டியின் கதவு பட்டு டொக்கு விழுந்ததும் அலட்சியம் அலட்சியம் என்கிறோம். இந்த இடுக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*

கதவின் வெளித்தகடு முக்கால் மில்லிமீட்டர் அளவுதான், பல வண்டிகளில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தகடு எவ்வளவு இடி தாங்கும் என்பது ஏறக்குறைய அதன் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தாங்கும் திறன் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்த இழப்பை எஃகின் தரத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்: பெயிண்ட் அடித்த பாடியைச் சுமார் 170 டிகிரி சூட்டில் உலர்த்தும்போது இன்னும் இறுகிக்கொள்ளும் எஃகு வகைகள் உண்டு. அதனால் ‘அம்பாசடர் தகடு மாதிரி வருமா’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, பாதி இல்லை.

இடிக்கும் கதவின் வேகத்தைவிட அதன் விளிம்புதான் வில்லங்கம். உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் தகடு உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். அதே விசை ஒரு கதவு விளிம்பின் சின்னப் புள்ளியில் இறங்கினால் தகடு திரும்பி வராத எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெரும்பாலும் அடி விழுவது வண்டியின் அகலமான இடத்தில், அதாவது கதவின் குறுக்கே ஓடும் அந்த மடிப்புக் கோட்டில். நிமிர்த்துவதற்கு ஆகக் கடினமான இடமும் அதுதான்.

*

கல்யாண மண்டபம். ஷாப்பிங் மாலைவிட, ரயில் நிலையத்தைவிட, டொக்குக்கு இதுதான் முதலிடம் என்பது என் கணிப்பு.

காரணங்கள் கண்முன் தெரியும். கோடே கிடையாது. வாட்ச்மேன் விசிலும் கையுமாக நின்று ‘வரலாம், வரலாம், ஒடிங்க, இன்னும் ஒடிங்க’ என்று எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குவார். அவர் வேலை வண்டிகளை உள்ளே அடைப்பது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றம். பட்டுப்புடவை கதவிடுக்கில் மாட்டாமல் இறங்க, கதவு முழுக்கத் திறந்தாக வேண்டும். மடியில் தாம்பூலத் தட்டு, காலடியில் பரிசுப் பெட்டி. பின்சீட்டில் மூன்று பிள்ளைகள், வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் தள்ளிவிட்டு ஓடும் பிள்ளைகள்.

இதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி: வாசலிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டு, ஓட்டுகிறவர் மட்டும் வண்டியைக் கொண்டுபோய் விடுவது. நான்கு கதவு திறக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் திறக்கும். திரும்பும்போதும் அப்படியே, வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. முட்டிவலிக்காரருக்கு இடுக்கில் காலை மடக்கி இறங்குவது தண்டனை.

*

இடம் தேர்வு. வாசலுக்குப் பக்கத்து இடத்துக்குச் சுற்றிச் சுற்றி வருகிறோம். வண்டிகள் மாறி மாறி வந்து போகும் இடம் அது. ஒரு மாலை நேரத்துக்குள் நம் பக்கத்தில் எத்தனை கதவுகள் திறந்து மூடும்! தள்ளி, கடைசிக் கோடியில் விட்டு நடப்பது மேல்.

தூண் ஓரம், சுவர் ஓரம் கிடைத்தால் விடக்கூடாது. நம் வண்டியின் ஒரு பக்கத்தைத் தூணோரமாக விட்டால் அந்தப் பக்கத்துக் கவலை விட்டது. ஆனால் நாம் கோட்டின் மேல் ஏறி, அடுத்த கட்டத்துக்காரருக்கு இடுக்கை உண்டாக்கினால் அந்தக் கோபம் நம் கதவில்தான் இறங்கும்.

இன்னொன்று அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். எல்லாரும் மூக்கு உள்ளே போகிற மாதிரி நிறுத்தியிருந்தால், இடப்பக்கம் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் கதவு நம்மைப் பார்க்கும். வலப்பக்கம் நிற்கும் வண்டியின் பயணிகள் பக்கம் நம்மைப் பார்க்கும். ஓட்டுநர் கதவைத் திறப்பவர் கார் ஓட்டத் தெரிந்தவர். இன்னொரு பக்கம் யார் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒரு பக்கத்து வண்டிதான் இருக்கப்போகிறது என்றால் அது நம் இடப்பக்கம் இருப்பது நல்லது. நாம் மட்டும் ரிவர்ஸில் விட்டால் எல்லாம் தலைகீழாகும்: ஓட்டுநர் கதவும் ஓட்டுநர் கதவும் எதிரெதிர், பயணிகள் பக்கமும் பயணிகள் பக்கமும் எதிரெதிர்.

பக்கத்து வண்டியின் கதவு விளிம்பைப் பாருங்கள். பெயிண்ட் உதிர்ந்து, வேறு வேறு நிறங்கள் ஒட்டியிருந்தால் அது போதுமான தகவல். இரண்டு கதவு மட்டும் உள்ள வண்டியாக இருந்தால் கதவு நீளம், வீச்சும் அதிகம். பின்சீட்டில் குழந்தை இருக்கை தெரிந்தால் அந்தக் கதவு விரியத் திறந்தே தீரும். அது அவர்கள் தப்பல்ல, நாம்தான் தள்ளிப் போக வேண்டும்.

*

மெரினா சர்வீஸ் ரோடு, பெசன்ட் நகர் கடற்கரை. பிற்பகல் கடற்காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். கதவின் கீல் முன்பக்கம் இருப்பதால் பின்னாலிருந்து வரும் காற்று கதவைத் திறந்து வீசும். முன்னாலிருந்து வரும் காற்று மூடத்தான் பார்க்கும். எனவே வண்டியின் முகம் கடலைப் பார்க்க நிறுத்த வேண்டும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதே வேலையைச் சரிவு செய்கிறது. மூக்கு இறக்கத்தைப் பார்த்தால் கதவு தானாக விரியும். மேட்டைப் பார்த்தால் தானாக மூட வரும். வண்டி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் பள்ளத்துப் பக்கக் கதவைக் கையால் பிடித்தே திறக்க வேண்டும். பாதி திறப்பில் கதவை நிறுத்திப் பிடிக்க ‘ஸ்டாப்பர்’ என்று ஒரு சாமான் கீல்களுக்கு நடுவில் இருக்கிறது. தேய்ந்துபோனால் கதவு தங்காமல் ஆடும். பெரிய செலவு இல்லாத பாகம். சர்வீஸுக்கு விடும்போது யாரும் அதைப் பார்க்கச் சொல்வதில்லை.

*

சென்னையில் கார் அலங்காரச் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கதவுக்கென்று அங்கே கிடைப்பவற்றைப் பற்றி என் எண்ணம்:

கதவின் நடுவே நீளமாக ஒட்டும் ரப்பர் பீடிங் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் அடுத்த வண்டியின் கதவு விளிம்பு அந்த உயரத்தில் வந்தால் மட்டும். எஸ்யூவி கதவும் ஹேட்ச்பேக் கதவும் ஒரே உயரத்தில் இல்லை. முன்பு கார்கள் கம்பெனியிலிருந்தே தடிமனான பீடிங்கோடு வந்தன. அழகு போய்விடுகிறது என்று இப்போது பல மாடல்களில் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

காந்தப் பட்டை, நிறுத்தியபின் ஒட்டிவிட்டுக் கிளம்பும்போது கழற்றுவது. எஃகுக் கதவுக்குச் சரி. அலுமினியக் கதவில் ஒட்டாது. நம் ஊர்த் தூசிமேல் வைத்து அழுத்தினால் மணல் பெயிண்டை அறுக்கும். துடைத்துவிட்டு ஒட்டப் பொறுமை வேண்டும். கார் கவருக்கும் இதே கதை.

செராமிக் கோட்டிங் டொக்கைத் தடுக்கும் என்று விற்பவரிடம் வாங்க வேண்டாம். சில மைக்ரான் தடிமனுள்ள பூச்சு எஃகுத் தகட்டைக் காப்பாற்றாது. நீர் ஒட்டாது, கழுவச் சுலபம், அவ்வளவே. பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் படலம் 150 முதல் 200 மைக்ரான் வரை வரும்; கீறலை வாங்கிக்கொள்ளும், டொக்கை வாங்காது.

இரும்புக் குழாய்த் தடுப்புகள் வேண்டவே வேண்டாம். பம்பரில் மாட்டும் இரும்புத் தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது, நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து என்று. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கும் அதே நியாயம்தான்.

எல்லாவற்றிலும் மலிவு, கதவு விளிம்பில் செருகும் அந்த ரப்பர் பட்டை. அதை மாட்டினால் காப்பாற்றப்படுவது நம் கதவின் விளிம்புப் பெயிண்டும், பக்கத்தில் நிற்கும் அந்நியர் வண்டியும். இதனால்தானோ என்னவோ ஆசையாய்க் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. நான் எல்லாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். கடலோர ஊர்களில் மட்டும் அவ்வப்போது கழற்றி உள்ளே தேங்கும் ஈரத்தைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு துருவேறும்.

*

கம்பெனிகள் முயலாமல் இல்லை. ஐரோப்பாவில் விற்ற ஃபோர்ட் ஃபோக்கஸில், கதவு திறந்த நொடியில் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் காப்பு தானே வெளியே வந்து கவிந்துகொள்ளும். ஸ்கோடா கோடியாக்கிலும் அப்படி உண்டு. 2014இல் வந்த சிட்ரோயன் சி4 காக்டஸ் கதவுகளில் காற்றடைத்த பெரிய மெத்தைகள். அமெரிக்காவில் சாட்டர்ன் கார்கள் 1990 முதல் பிளாஸ்டிக் கதவுத் தகடுகளோடு வந்தன. இடித்தால் உள்வாங்கி மீண்டும் நிமிரும். வெயிலில் பிளாஸ்டிக் விரியுமே என்று தகடுகளுக்கிடையே பெரிய இடைவெளி விட வேண்டியிருந்தது, அது பலருக்குப் பிடிக்கவில்லை.

நம்மிடம் இதற்கெல்லாம் முன்பே ஆம்னி இருந்தது. 1984 முதல் 2019 வரை. பின்கதவு வழுக்கித் திறக்கும். எவ்வளவு ஒட்டி நின்றாலும் அடுத்தவர் வண்டியைத் தொடாது. ஜப்பானில் 1.48 மீட்டர் அகலத்துக்குள் அடங்கும் சின்ன கார்களிலேயே வழுக்குக் கதவு சர்வசாதாரணம். இங்கே அது வேன் கதவு என்று பெயர் வாங்கி, மதிப்பிழந்துவிட்டது.

*

‘வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு.’ கட்டணம் வாங்கும் இடத்திலும் இந்தப் பலகை. 1998இல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில், சாவியை ஊழியரிடம் ஒப்படைத்துச் சென்றவரின் மாருதி ஜென் திருடு போனது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில், தன் கவனக்குறைவுக்கு இப்படிப்பட்ட வாசகத்தின் பின்னால் ஹோட்டல் ஒளிந்துகொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. சாவியை நாமே வைத்துக்கொண்டு நிறுத்தும் இடங்களுக்கு இதை அப்படியே நீட்ட முடியாது. ஆனால் வேலே பார்க்கிங்கில் விடுவதற்கு முன் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ள இது நல்ல காரணம்.

இன்சூரன்ஸ்: ஒரு டொக்குக்காக க்ளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டம். முதல் ஆயிரம் ரூபாய் நம் கையிலிருந்து (1500 சிசிக்கு மேல் இரண்டாயிரம்), பெயிண்ட் பொருள் செலவில் பாதி தேய்மானம் என்று கழியும். இதற்குமேல் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். அது முதலாண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 வரை ஏறியிருக்கும்.

*

பெயிண்ட் உடையவில்லையென்றால் பட்டி பார்க்க விடாதீர்கள். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: “சார், பின்னாலேந்து தள்ளிடலாம். ஒரு தடவ பட்டி பாத்துட்டா அப்புறம் இது கம்பெனி கதவு கிடையாது.” கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக வளைந்த கம்பியை விட்டு, உள்ளிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ளுவார்கள். எதிரே கோடு போட்ட விளக்குப் பலகை. தகட்டில் தெரியும் கோடு நேரானால் வேலை முடிந்தது. கதவுக்குள் குறுக்கே ஓடும் பாதுகாப்புக் கம்பிக்கு நேர் பின்னால் டொக்கு இருந்தால் தள்ளும் கம்பி எட்டாது, வெளியே பசை ஒட்டி இழுக்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்து நூறு நூற்றைம்பது மைக்ரான்தான். பட்டி போட்ட இடம் அதைப்போல் பல மடங்கு காட்டும். பழைய கார் வாங்க வருகிறவர் கையில் அதை அளக்கும் கருவி இருக்கிறது.

வெந்நீர் ஊற்றுவது பிளாஸ்டிக் பம்பருக்குத்தான் பயன்படும். கதவில் ஊற்றி ஒரு பயனும் இல்லை.

*

நம் காரைக் காப்பது பக்கத்தில் இறங்குகிறவரின் கை. அவர் காரைக் காப்பது நம் கை. நாம் திருத்தக்கூடியது இந்த ஒன்றைத்தான்: ஓட்டுநர் இடக்கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானே திரும்பும், பின்னால் வரும் பைக்கும் கண்ணில் படும், கதவும் வீச்சாகப் போகாது. வலக்கை விரல்களைக் கதவின் விளிம்பில் வைத்துக்கொண்டு இறங்கினால் தகட்டுக்கு முன் விரல் படும். பின்கதவுக்குச் சைல்டு லாக் போட்டுவிட்டால் பிள்ளைகள் உள்ளிருந்து திறக்க முடியாது. பெரியவர் ஒருவர் இறங்கி வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். நெடுஞ்சாலைக்காகப் போடும் அந்தப் பூட்டு மாலில்தான் அதிகம் உதவுகிறது.

நாம் இடித்துவிட்டால் வைப்பரில் போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு. ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து முடிகிற விஷயம்.

*

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தம் மட்டும் தனி. அங்கே யாரோ ஒருவரைத் தாங்கிப் பிடித்து இறக்குகிறார்கள். கதவு எங்கே படுகிறது என்று பார்க்கிற நிலையில் இல்லை. அங்கே விழுந்த டொக்குக்கு யாரையும் தேட மாட்டேன்.

*

அசோசியேஷன் கூட்டத்தில் கேட்க வேண்டியவை, நம் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு: கட்டங்களுக்கு நடுவே ஒற்றைக் கோட்டுக்குப் பதில், ஜப்பானில் போடுவதுபோல், இடைவெளி விட்ட இரட்டைக் கோடு. அந்த இடைவெளி யாருடையதும் அல்ல என்று கண்ணுக்குத் தெரிந்தால் ஓட்டுகிறவர் தானே நடுவில் நிறுத்துவார். பெயிண்டர் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. தூண்களுக்கு மஞ்சள் கறுப்பு ரப்பர். லிஃப்டுக்கு எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, வயதானவர்களை அங்கே இறக்கிவிட்டு வண்டியை உள்ளே கொண்டுபோகச் சொல்ல வேண்டும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும்; ஒரு கட்டம் குறைகிறதே என்பார்கள். பி பிளாக் மாமாவிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.